நடைபாதைக் குடும்பங்களுக்கு இடைக்கால வீடு: 8 அறை இருக்கிறது, எப்படி நடத்துவது?

ராயபுரம்_வாசகி

வணக்கம். எங்கள் சிறிய அறக்கட்டளைக்குச் சென்னை ராயபுரத்தில் ஒரு பழைய மாடிக் கட்டடம் 3 வருடத்துக்குக் கிடைத்திருக்கிறது. கீழே 4, மேலே 4 என மொத்தம் 8 அறை. ஒவ்வொன்றும் 10-க்கு 12 அடி. கீழே 300 சதுர அடியில் ஒரு கூடம், இரண்டு கழிப்பறை, ஒரு குளியலறை. பின்புறம் கொஞ்சம் காலியிடம் உண்டு.

பாரிமுனை, வால்டாக்ஸ் சாலை பக்கம் நடைபாதையில் தலைமுறையாக இருக்கிற குடும்பங்களில் 8 குடும்பத்தை, சுமார் 36 பேரை, இங்கே தங்கவைத்து 18 மாதத்துக்குள் சொந்தக் காலில் வாடகை வீட்டுக்குப் போகவைக்க வேண்டும் என்பது திட்டம். பூக்கட்டுகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், காசிமேட்டில் மீன் வெட்டுகிறவர்கள், பழைய காகிதம், பிளாஸ்டிக் பொறுக்குகிறவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள்.

என் கேள்விகள்: அறையை எப்படிப் பிரிப்பது? எந்த ஆவணத்தை முதலில் எடுப்பது? கட்டணம் வாங்கலாமா? 18 மாதம் போதுமா? அட்வான்ஸ் பணம் எப்படிச் சேரும்? சும்மா தலைக்கு மேல் கூரை கொடுத்து, 18 மாதம் கழித்து அதே நடைபாதையில் கொண்டுபோய் விட்டுவிடக் கூடாது என்பதுதான் எங்கள் பயம். நடத்திய அனுபவம் உள்ளவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

நடைபாதைப்_பணி

வணக்கம் மேடம். முதலில் தலைக்கணக்கைச் சரி செய்துவிடுங்கள். தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் காப்பக வழிகாட்டியில் ஒரு ஆளுக்குக் குறைந்தது 50 சதுர அடி என்று இருக்கிறது. உங்கள் 8 அறையும் சேர்ந்து 960, கூடம் 300, ஆக 1,260 சதுர அடி. 50-ஆல் வகுத்தால் 25 பேர். அதாவது 5 குடும்பம், நெருக்கிப் பிடித்தால் 6. 36 பேரை வைத்தால் மூன்றாவது மாதமே தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் சண்டை தொடங்கும். அந்தச் சண்டையில் வெளியேறுகிற முதல் குடும்பம் உங்கள் உதவி அதிகமாகத் தேவைப்படுகிற குடும்பமாகத்தான் இருக்கும்.

5 குடும்பத்துக்கு 5 அறை. மீதி 3 அறையில் ஒன்றைப் பெரிய குடும்பத்துக்குக் கூடுதலாகக் கொடுங்கள், ஒன்று பொருள் வைக்க, ஒன்று பிள்ளைகள் படிக்க. குளியலறை இன்னொன்று கட்டியே ஆக வேண்டும். விடிகாலை 3 மணிக்குக் காசிமேட்டுக்கும் பூக்கடைக்கும் கிளம்புகிறவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் குளியலறைக்கு வருவார்கள்.

இதிலிருந்துதான் அடுத்த விஷயம் வருகிறது. இரவு 9 மணிக்குக் கதவைப் பூட்டி காலை 6-க்குத் திறப்பது என்கிற விடுதி விதி இங்கே வேலைக்கு ஆகாது. இந்த மக்களின் பிழைப்பு நடக்கிற நேரமே அதுதான். கதவைப் பூட்டினால் வேலை போகும், அல்லது வேலைக்காகப் பழைய இடத்திலேயே படுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் வாசல் சாவி ஒன்று கொடுங்கள். இரவில் ஒரு காவலாளி இருந்தால் போதும்.

குடும்பத்தைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. ஐந்து வெவ்வேறு தெருவிலிருந்து ஐந்து 'தகுதியான' குடும்பம் என்று பொறுக்கி எடுப்பார்கள். நடைபாதையில் யாரும் தனியாக வாழ்வதில்லை. அக்கா, தங்கை, சித்தி, மாமியார் என்று பத்துப் பதினைந்து அடி தூரத்துக்குள் இருப்பார்கள். 3 மணிக்கு அம்மா வேலைக்குப் போனால் குழந்தையைப் பார்ப்பது அந்தச் சித்திதான். அங்கன்வாடி அந்த நேரத்தில் கிடையாது. ஒரு குடும்பத்தை மட்டும் பெயர்த்து எடுத்தால் அந்தத் துணை அறுந்துபோகும், குழந்தையோடு திரும்பப் போய்விடுவார்கள். அதனால் ஒரே இடத்திலிருந்து 2 அல்லது 3 குடும்பமாக எடுங்கள். 5 குடும்பம் என்றால் இரண்டு இடத்திலிருந்து வந்தால் போதும்.

வயது வந்த பையனை 'இங்கே பெண்கள் இருக்கிறார்கள்' என்று வெளியே நிறுத்தாதீர்கள். பெண்கள் காப்பகம், ஆண்கள் காப்பகம் என்று பிரித்து வைக்கிற இடங்களுக்கு இந்தக் குடும்பங்கள் வர மறுப்பதற்குப் பெரிய காரணமே இதுதான். 15 வயதுப் பையன் எங்கே படுப்பான் என்று கேட்டால் பதில் இருக்காது. உங்கள் இடத்தின் பலமே குடும்பம் பிரியாமல் இருக்க முடியும் என்பது. அதை விட்டுவிடாதீர்கள்.

சமையல் பொதுவாக வேண்டாம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி அடுப்பு. முகவரிச் சான்று இல்லாமல், அடையாள அட்டை மட்டும் காட்டி 5 கிலோ சிலிண்டர் வாங்கலாம். இந்தியன் ஆயிலில் 'சோட்டு' என்று விற்பார்கள். ஆனால் அறைக்குள் சமைக்க விடாதீர்கள். கூடத்தின் ஓரமாகக் கடப்பா மேடை போட்டு, ஜன்னல் பக்கம் ஐந்து அடுப்புக்கு இடம் பிரித்துவிடுங்கள். அடுப்பும் சிலிண்டரும் அவர்களுடையதாக இருந்தால், போகும்போது கூடவே போகும்.

தடுப்புக்கு பிளைவுட் போடாதீர்கள். அதன் இடுக்கில் மூட்டைப்பூச்சி குடியேறினால் கட்டடத்தையே காலி செய்தாலும் போகாது. இரும்புக் கட்டில், சிமென்ட் பலகைத் தடுப்பு. வந்த அன்றே பழைய போர்வை, துணிகளைக் கறுப்பு பிளாஸ்டிக் பையில் கட்டி இரண்டு மூன்று நாள் உச்சிவெயிலில் போட்டுவிட்டு உள்ளே எடுங்கள். இதை அவமானமாக உணராதபடி, முன்கூட்டியே சொல்லி, புதுப் போர்வையைக் கையில் கொடுத்துவிட்டுச் செய்ய வேண்டும்.

பின்பக்கக் காலியிடம் உங்களுக்கு வரம். மீன்பாடி வண்டி, மீன் டப், பூக்கூடை, காகித மூட்டை எல்லாம் அங்கேதான் நிற்க வேண்டும். தொழில் சாமான் வைக்க இடம் இல்லாத காப்பகத்துக்குப் பிழைப்பு உள்ளவர்கள் வரமாட்டார்கள். காகித மூட்டையை மட்டும் அடுப்பிலிருந்தும் மின்பெட்டியிலிருந்தும் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, உரிமம். பெற்றோரோடு பிள்ளைகள் தங்குவதால் இது குழந்தைகள் இல்லம் ஆகாது என்று நீங்களே முடிவு செய்துவிட வேண்டாம். பெண்கள் மற்றும் குழந்தைகளுக்கான விடுதிகள், இல்லங்களை முறைப்படுத்த 2014-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்திருக்கிறது. உரிமம் தருவது மாவட்ட ஆட்சியர். உங்கள் இடத்துக்கு அது பொருந்துமா என்று மாவட்ட சமூக நல அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் இல்லாமல் பிள்ளையை மட்டும் ஒருநாள்கூட விட்டுப்போக அனுமதிக்காதீர்கள்.

இ_சேவை_நண்பர்

ஆவணம் பற்றி மட்டும் சொல்கிறேன். எதை முதலில் எடுப்பது என்பதை விட, எந்த வரிசையில் திருத்துவது என்பதுதான் முக்கியம். வரிசை மாறினால் ஆறு மாதம் வீணாகும்.

முதல் வாரம் எதற்கும் விண்ணப்பிக்காதீர்கள். ஒவ்வொருவரிடமும் இருக்கிற காகிதத்தை எல்லாம் விரித்து வைத்து ஒரு நோட்டில் எழுதுங்கள்: பெயர் எந்த அட்டையில் எப்படி எழுதியிருக்கிறது, பிறந்த தேதி என்ன, அப்பா பெயர், கணவர் பெயர், போன் எண். ஒரே பெண் ஆதாரில் 'முனியம்மாள்', வாக்காளர் அட்டையில் 'முனியம்மா', வங்கிப் புத்தகத்தில் 'மு. அம்மாள்' என்று இருப்பார். ஆதாரில் பெயரை வாழ்நாளில் 2 தடவைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரு தடவைதான். முகவரிக்கு அப்படி வரம்பு இல்லை. எனவே முகவரியைத் தைரியமாக மாற்றுங்கள், வெளியேறும்போது மறுபடியும் மாற்றிக்கொள்ளலாம். பெயரிலும் தேதியிலும் கை வைக்கும் முன், பள்ளிச் சான்றோ பிறப்புச் சான்றோ எது கடைசிவரை நிற்குமோ அதைப் பார்த்து, அதன்படி ஒரே தடவையில் முடியுங்கள்.

முகவரிக்கு: அங்கீகரிக்கப்பட்ட காப்பகம் என்றால் அதன் பொறுப்பாளரே ஆதார் ஆணையத்தின் படிவத்தில் சான்று தரலாம். உங்களுக்கு அந்த அங்கீகாரம் வரும்வரை கவுன்சிலர், எம்.எல்.ஏ. அல்லது தாசில்தாரிடம் அதே படிவத்தில் வாங்குங்கள். லெட்டர்பேட் வேண்டாம், வெள்ளை ஏ4 தாளில் அச்சிட்ட படிவம்தான். தேதி போட்டதிலிருந்து 3 மாதம் செல்லும். நிராகரிக்கப்படுவது பெரும்பாலும் மூன்று காரணத்தால்: பாதி போட்டோவிலும் பாதி தாளிலுமாகக் கையெழுத்தும் முத்திரையும் விழவில்லை, தேதி இல்லை, ஏதோ ஓர் எழுத்தை அடித்துத் திருத்தியிருக்கிறது. ஓர் எழுத்து தப்பினாலும் புதுப் படிவம் எடுங்கள்.

இதைவிடப் பெரிய தலைவலி போன் எண். ரீசார்ஜ் செய்யாமல், எந்தப் பயன்பாடும் இல்லாமல் 90 நாள் விட்ட சிம் செத்துவிடும், பிறகு அந்த எண் வேறு யாருக்கோ போகும். ஓ.டி.பி. எல்லாம் அந்த முகம் தெரியாத ஆளுக்குப் போய்க்கொண்டிருக்கும். வந்த முதல் மாதமே குடும்பத்துக்கு ஒரு சிம், அந்தப் பெண்ணின் பெயரில் வாங்கி ஆதாரில் இணையுங்கள். எண் மாற்ற எந்தச் சான்றும் தேவையில்லை, ஆளை நேரில் மையத்துக்குக் கூட்டிப்போங்கள். கைரேகை தேய்ந்துபோனவர்களுக்குக் கருவிழி பதிந்தால் நடக்கும், கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது ரேஷன் கார்டு. இங்கே இரண்டு சிக்கல். ஒன்று, பெயர் இன்னும் மாமியார் கார்டிலோ அம்மா கார்டிலோ இருக்கும். அங்கே நீக்கினால்தான் புதுக் கார்டுக்கு விண்ணப்பிக்க முடியும். நீக்கிய நாளுக்கும் புதுக் கார்டு கைக்கு வருகிற நாளுக்கும் இடையில் அந்தக் குடும்பத்துக்கு அரிசி இல்லை. அந்த இடைவெளிக்கு அரிசி நீங்கள் கொடுக்கத் தயாராக இருங்கள், இல்லாவிட்டால் பெயர் நீக்கவே பயப்படுவார்கள். இரண்டாவது, கார்டு அடகில் இருக்கும். கடன் கொடுத்தவர் கையில் ரேஷன் கார்டும் ஏ.டி.எம். அட்டையும் இருப்பது நடைபாதையில் சகஜம். கேட்டால் 'தொலைந்துபோச்சு' என்பார்கள். வற்புறுத்தாமல், ஆறுதலாகக் கேட்டால் இரண்டாவது வாரம் சொல்வார்கள்.

ரேஷன் கார்டு வந்தபிறகுதான் மற்ற கதவுகள் திறக்கும். மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய், ஒரு கார்டுக்கு ஒருவர். முதலமைச்சர் காப்பீட்டுக்கு ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் என்று வருமானச் சான்று வேண்டும். கூட இருக்கிற பாட்டிக்கு முதியோர் உதவித்தொகை 1,200. இந்த 1,200-ஐ அலட்சியமாக விடாதீர்கள், பாட்டியின் மருந்துச் செலவு குடும்பச் சேமிப்பைத் தின்னாமல் காப்பது அதுதான்.

பிள்ளைகள் பள்ளிக்கு எந்தச் சான்றுக்கும் காத்திருக்க வேண்டாம். கல்வி உரிமைச் சட்டப்படி வயதுச் சான்று இல்லை, டி.சி. வரவில்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது. நடைமுறையில் தடுப்பது எமிஸ் எண், அதாவது பள்ளிக்கல்வித் துறையின் கணினிப் பதிவில் மாணவருக்குள்ள எண். பழைய பள்ளி அந்தக் குழந்தையை எமிஸில் 'காமன் பூல்' என்கிற பொதுப் பட்டியலுக்கு விடுவித்தால்தான் புதுப் பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். தலைமையாசிரியரிடம் இந்த ஒரு வார்த்தையைச் சொல்லிக் கேளுங்கள், அன்றே முடியும் வேலை.

பிறப்புப் பதிவே இல்லாத குழந்தை என்றால் தனி வழி. ஒரு வருடம் தாண்டிவிட்டால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) உத்தரவு வேண்டும். அரசு மருத்துவமனையில் பிறந்திருந்தால் பிக்மி எண்ணை (தாயின் கர்ப்பப் பதிவு எண்) தேடிப் பிடியுங்கள், பாதி வேலை குறையும். சாதிச் சான்று பெற்றோருக்கே இல்லையென்றால் விசாரணை நடக்கும், நாள் பிடிக்கும். நரிக்குறவர், குருவிக்காரர் குடும்பங்கள் 2023 ஜனவரி முதல் பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறார்கள். அந்தச் சான்று தாசில்தார் தருவதில்லை, ஆர்.டி.ஓ. மட்டத்தில்தான்.

எல்லாம் கைக்கு வந்ததும் டிஜிலாக்கரில் (அரசின் இணைய ஆவணப் பெட்டகம்) ஏற்றுங்கள். அசலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் குடும்பத்திடமே கொடுங்கள். 'பத்திரமாக இருக்கட்டும்' என்று அறக்கட்டளை பீரோவில் பூட்டி வைக்கவே வைக்காதீர்கள்.

தண்டல்_கணக்கு

எல்லோரும் 18 மாதமா 12 மாதமா என்று கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அதை முடிவு செய்வது தண்டல்தான், அதாவது தினமும் தவணை கட்டுகிற வட்டிக்கடன். ஓர் உதாரணக் குடும்பம் எடுத்துக்கொள்வோம், தொகையை உங்கள் குடும்பங்களுக்கு ஏற்ப மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

கணவன், மனைவி இருவரும் சேர்ந்து மாதம் 18,000. சாப்பாடு 7,500. பஸ், போன், பள்ளி, மருந்து 3,000. தண்டல் நாளைக்கு 100, மாதம் 3,000. உங்களுக்குத் தரும் பங்கு 900. மிச்சம் 3,600.

இப்போது வெளியேற என்ன வேண்டும்? வாடகை 5,000 என்றால், 5 மாத அட்வான்ஸ் 25,000, புரோக்கருக்கு 5,000, முதல் மாத வாடகை 5,000, மின்விசிறி, குடம், பாத்திரம், வண்டிக்கூலி என்று 5,000, வேலை கிடைக்காத நாளுக்கு இரண்டு மாத வாடகை கையில் 10,000. ஆக 50,000. மாதம் 3,600 வீதம் 14 மாதம் ஆகும்.

அதே குடும்பம் வந்த நாளிலிருந்து புதுத் தண்டல் எடுக்காமல், ஓடுகிற தண்டலை 100 நாளில் முடித்துவிட்டால்? முதல் 3 மாதம் 10,800. அதற்குப் பிறகு மாதம் 6,600. மீதி 39,200-க்கு 6 மாதம் போதும். மொத்தம் 9 மாதம். காய்ச்சல், மழை, ஆடி, தீபாவளி என்று 3 மாதம் கூட்டுங்கள், 12. ஆகவே 12 மாதம் என்று பேசுங்கள், 18-ஐ உச்சவரம்பாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்டல் எப்படிப் பிடித்து வைக்கிறது என்று பாருங்கள். 10,000 தண்டல் என்றால் கையில் வருவது 8,500. நாளைக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். கட்டக் கட்ட அசல் குறைவதையும் சேர்த்துப் பார்த்தால் ஆண்டு வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டும். 70-வது நாள் கையில் காசு இல்லை என்றால், தண்டல்காரர் புதுத் தண்டல் தருவார்: 10,000-ல் வட்டி 1,500, பழைய பாக்கி 3,000 பிடித்துக்கொண்டு 5,500 கையில். நோட்டில் மறுபடியும் 10,000. இது நின்றால்தான் சேமிப்பு தொடங்கும்.

நிற்கச் சொன்னால் மட்டும் நிற்காது. பூ வாங்கக் காலையில் முதலீட்டுப் பணம் வேண்டும், குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் இரவில் 500 வேண்டும். இரண்டுக்கும் வேறு வழி கொடுக்க வேண்டும். வியாபாரம் செய்பவர்களுக்கு மாநகராட்சியின் சாலையோர வியாபாரி அட்டை அல்லது பரிந்துரைக் கடிதம் வாங்கி, பி.எம். ஸ்வநிதி என்கிற மத்திய அரசின் சாலையோர வியாபாரிக் கடனுக்கு விண்ணப்பியுங்கள். முதல் தவணை முன்பு 10,000 ஆக இருந்தது, 2025-ல் 15,000 ஆக்கினார்கள். ஒழுங்காகக் கட்டினால் அடுத்தது 25,000, பிறகு 50,000. அவசரத்துக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு கைமாற்று நிதி: 20,000 போட்டு வையுங்கள், ஒரு குடும்பத்துக்கு ஒரு நேரத்தில் 2,000-க்கு மேல் இல்லை, வட்டி இல்லை, திருப்பித் தந்தால்தான் அடுத்தது. கணக்கை ஐந்து வீட்டுப் பெண்களே வைத்துக்கொள்ளட்டும். யாருக்கு உண்மையான அவசரம் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

சேமிப்பை எங்கே போடுவது என்பதிலும் மூன்று பள்ளம் இருக்கிறது. அஞ்சலகத்தில் ஆர்.டி. (மாதாந்தரத் தொடர் வைப்பு) போடாதீர்கள். அது 5 வருடக் கணக்கு, 3 வருடம் ஆகாமல் முடித்து எடுக்க முடியாது. வங்கியில் 12 மாத ஆர்.டி. போடுங்கள், இடையில் உடைத்தால் வட்டிதான் கொஞ்சம் குறையும். இரண்டாவது, ஆவணம் இல்லாமல் திறக்கிற சிறு கணக்கில் இருப்பு 50,000-ஐத் தாண்டக் கூடாது, மாதம் 10,000-க்கு மேல் எடுக்க முடியாது. அட்வான்ஸ் கொடுக்க வேண்டிய நாளில் பணம் இருந்தும் எடுக்க முடியாமல் வீடு கைநழுவும். ஆதார் சரியான உடனே முழுக் கே.ஒய்.சி. (அடையாளமும் முகவரியும் சரிபார்த்த) கணக்காக மாற்றிவிடுங்கள். மூன்றாவது, குழுக்கடன் வாங்கிய பைனான்ஸ் கம்பெனிக்குத் தானாகப் பணம் பிடிக்க ஒப்புதல் கொடுத்த கணக்கிலேயே சேமித்தால், தவணைத் தேதியில் சேமிப்பு போய்விடும். சேமிப்புக்குத் தனிக் கணக்கு, பெண்ணின் பெயரில்.

ராயபுரம்_வாசகி

மூவருக்கும் மிக்க நன்றி. 36 பேர் என்ற எங்கள் எண்ணத்தை மாற்றிக்கொள்கிறோம். 5 குடும்பம்.

இன்னும் சில சந்தேகங்கள். மாதம் 900 பங்கு என்று எழுதியிருக்கிறீர்கள், இவர்களிடம் பணம் வாங்குவது சரியா? குடித்துவிட்டு வந்து அடிக்கிற கணவர் இருந்தால் என்ன விதி வைப்பது? பெரும்பாக்கத்தில் அரசின் குடியிருப்பு வாரிய வீடு கிடைத்தால் அட்வான்ஸ் பிரச்சினையே இல்லையே, அதற்கே முயற்சி செய்தால் என்ன? கடைசியாக, வீட்டு உரிமையாளர்கள் இவர்களுக்கு வீடு தருவார்களா?

சமஉரிமை

பங்கு வாங்கலாம். காப்பக வழிகாட்டியே வருமானத்தில் பத்தில் ஒரு பங்கிலிருந்து இருபதில் ஒரு பங்குவரை வாங்க இடம் தருகிறது. 900 என்பது 18,000-ல் இருபதில் ஒன்று. அதற்கு மேல் போகாதீர்கள். வேலை இல்லாத மாதம் வாங்காதீர்கள், பாக்கியாகவும் எழுதாதீர்கள்.

ஆனால் பொதுவாக ஒன்று சொல்ல வேண்டும். இந்த மாதிரி வீடுகளில் விதிகள் கூடிக்கொண்டே போகும்: குடிக்கக் கூடாது, விருந்தாளி வரக் கூடாது, வாரக் கூட்டத்துக்கு வராவிட்டால் அபராதம், சேமிக்காவிட்டால் வெளியே. ஒவ்வொரு விதியும் நல்ல எண்ணத்தில்தான் வரும். மொத்தமாகப் பார்த்தால், மிகவும் நொந்துபோன குடும்பத்தை வடிகட்டி வெளியேற்றுகிற சல்லடையாகிவிடும். அக்கா தங்கை வந்து ஒருவேளை சாப்பிட்டுப் போவது எந்த வீட்டிலும் நடப்பதுதானே? குடித்தால் வெளியேற்றம் என்று எழுதாதீர்கள். அடித்தால் வெளியேற்றம் என்று எழுதுங்கள்.

வெளியேறுவது அடித்தவர் மட்டும், குடும்பம் இல்லை. இதற்கு முதல் நாளே ஏற்பாடு வேண்டும்: தங்கும் அனுமதி மனைவியின் பெயரில், கணவரின் பெயர் உடன் தங்குபவராக மட்டும். அப்படி எழுதியிருந்தால் அவரை வெளியே அனுப்புவது உங்களுக்குச் சிக்கல் இல்லை, அவளும் பிள்ளைகளும் அறையை இழக்க மாட்டார்கள். கணவர் பெயரில் எழுதிவிட்டால், புகார் சொன்னால் எல்லோருக்கும் தெரு என்று அவள் வாயை மூடிக்கொள்வாள். 181 என்கிற பெண்கள் உதவி எண்ணைக் குளியலறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். கூடத்தில் ஒட்டினால் யாரும் குறித்துக்கொள்ள மாட்டார்கள். குடியை நிறுத்த விரும்பும் ஆண்களுக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் சிகிச்சை இலவசம், கூடப் போக ஓர் ஆள் மட்டும் ஏற்பாடு செய்யுங்கள்.

நடைபாதைப்_பணி

பெரும்பாக்கம் பற்றி. நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் வீடு ஒதுக்கப்பட்டால் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அதை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள், இரண்டு காரணம்.

ஒன்று, ஒதுக்கீடு பெரும்பாலும் ஆற்றோரம், கால்வாயோரம் வீடுகளை அகற்றும்போது எடுக்கிற கணக்கெடுப்புப் பட்டியலை வைத்து நடக்கிறது. கணக்கெடுக்கிறவர் கதவைத் தேடி வருகிறார், இவர்களுக்குக் கதவே இல்லை. பட்டியலில் பெயர் விழுவதே முதல் போராட்டம்.

இரண்டு, தூரம். பாரிமுனையில் விடிகாலை 3 மணிக்குப் பூ வாங்க வேண்டிய பெண் தென்கோடியில் இருக்கிற பெரும்பாக்கத்திலிருந்து எந்தப் பஸ்ஸில் வருவார்? பகலில் பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை என்பது பெரிய உதவிதான். ஆனால் 2 மணிக்குப் பஸ்ஸே இல்லையே. அதனால்தான் வீடு ஒதுக்கப்பட்ட குடும்பங்களே அதைப் பூட்டிவிட்டு, வாரத்தில் ஐந்து நாள் பழைய நடைபாதையில் படுக்கிறார்கள். வெளியில் இருந்து பார்ப்பவர்கள் 'வீடு கொடுத்தாலும் இருக்க மாட்டார்கள்' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவர்கள் பிழைப்பின் பக்கத்தில் இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அப்படி ஒதுக்கீடு வந்தால், குடும்பத்தில் யாருடைய வேலை அந்தப் பக்கம் மாற முடியும் என்று முதலில் பாருங்கள். வீட்டுவேலை, ஹவுஸ்கீப்பிங் செய்பவர்களுக்கு ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் வேலை கிடைக்கும். மீன், பூ, மூட்டை தூக்குகிறவர்களுக்குக் கஷ்டம். போவதாக இருந்தால் மே மாதத்தில் போகட்டும். நடுக் கல்வியாண்டில் மாறிய பிள்ளை, அதுவும் எட்டாவது ஒன்பதாவது படிக்கிற பெண் பிள்ளை, பள்ளியை அப்படியே நிறுத்திவிடும்.

வாடகை_விவரம்

வீடு தேடுவதை ஆறாவது மாதமே தொடங்குங்கள். தேடும் வட்டம், வேலை செய்யும் இடத்திலிருந்து நடக்கிற தூரம், அதிகம் போனால் 3 கிலோமீட்டர். பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கம் ஒற்றை அறை வீடுகள் சந்துக்குள் இருக்கும். போர்டு தொங்காது. பால்காரர், இஸ்திரிக்காரர், பொட்டிக்கடைக்காரர் மூலமாகத்தான் தெரியவரும். அப்படிப் பிடித்தால் புரோக்கர் காசும் மிச்சம்.

2017-ஆம் ஆண்டு தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி குடியிருப்புக்குப் பொதுவாக 3 மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். நடைமுறையில் 5 மாதமும் 10 மாதமும் கேட்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். சட்டத்தைச் சொல்லிச் சண்டை போட்டால் வீடு கிடைக்காது. சொல்லாமலே விட்டால் 10 மாதம் கேட்பார்கள். 'சட்டப்படி 3, நாங்கள் 5 தருகிறோம், ஒப்பந்தம் எழுதிக்கொள்வோம்' என்று பேசுங்கள். அட்வான்ஸ் தொகை கட்டாயம் தாளில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் கொடுத்த அட்வான்ஸ்தான் காலி செய்யும்போது வெள்ளையடித்த செலவு, குழாய் உடைந்தது என்று கரைந்துபோகும்.

சேரும் முன் கேட்க வேண்டியவை: மின்சாரம் தனி மீட்டரா, சப்-மீட்டரா, யூனிட்டுக்கு எவ்வளவு? 5,000 வாடகை என்று சேர்ந்து, கோடையில் மின்சாரத்துக்குத் தனியாக 1,000 கட்ட நேர்ந்தால் கணக்கு உடையும். தண்ணீர் குழாயா, அடிபம்பா, லாரியா? வேலை முடிந்து வரும் நேரத்தில் பிடிக்க முடியுமா? கழிப்பறை எத்தனை குடும்பத்துக்கு? வாரிய வீட்டை ஒதுக்கீடு பெற்றவர் மறைவாக வாடகைக்கு விடுவதும் உண்டு. வாடகை குறைவு என்று அதில் சேராதீர்கள். வாரியம் சோதனைக்கு வந்தால் அட்வான்ஸும் போகும், வீடும் போகும்.

உரிமையாளரின் பயம் பெரும்பாலும் ஒன்றுதான், மாதாமாதம் தருவார்களா என்பது. சாதியும் முன்முகவரியும் பார்த்து மறுப்பவர்களும் உண்டு, அதை மறைத்துப் பேச வேண்டாம். அங்கே கெஞ்சாமல் அடுத்த வீட்டுக்குப் போய்விடுங்கள். முதல் பயத்துக்கு மட்டும் உங்களிடம் மருந்து இருக்கிறது: 12 மாதமும் பங்கு கட்டிய ரசீதுப் புத்தகம். இதை முதல் மாதத்திலிருந்தே அச்சடித்த புத்தகமாகக் கொடுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் அறக்கட்டளை குடித்தனக்காரராகக் கையெழுத்துப் போடக் கூடாது. அந்தப் பெண்தான் போட வேண்டும். நீங்கள் சாட்சியாகப் போடலாம்.

போனபிறகு 6 மாதம் தொடர்பில் இருங்கள். தடுமாறுவது பெரும்பாலும் இரண்டாவது மாதமும் நான்காவது மாதமும். கையிருப்பு தீர்ந்து, ஒரு வாடகை பிந்தி, அதை அடைக்கத் தண்டலுக்குப் போவார்கள். அதற்கு முன் நீங்கள் போய்ச் சேர வேண்டும். ஒரு மாத வாடகையை ஒரே ஒரு தடவை, வட்டியில்லாக் கடனாக, நேரே உரிமையாளர் கணக்கில் போடுவதற்கு நிதி ஒதுக்கி வையுங்கள். 5 குடும்பத்துக்கு 25,000. எல்லோருக்கும் தேவைப்படாது.

ராயபுரம்_வாசகி

ரசீதுப் புத்தகம் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள் சார். அதில் 'வாடகை' என்று போட்டால் பின்னால் குடித்தன உரிமை கேட்டு வழக்கு வரும் என்று எங்கள் தணிக்கையாளர் சொல்கிறார். 'நன்கொடை' என்று போட்டால் வீட்டுக்காரரிடம் காட்ட உதவாது.

வாடகை_விவரம்

தணிக்கையாளர் சொல்வது நியாயம். இரண்டும் வேண்டாம், 'தங்குமிடப் பராமரிப்புப் பங்கு' என்று போடுங்கள். சேரும்போது எழுதுகிற தாளும் 'தங்கும் அனுமதி' என்றே இருக்கட்டும்: எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, நீட்டிப்பு 6 மாதம் வரை, அறையின் மேல் வாடகை உரிமை இல்லை, காலி செய்யச் சொன்னால் 30 நாள் அவகாசம். அந்த 30 நாளை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். எந்த நாளும் விரட்டப்படலாம் என்ற பயத்திலேயே வாழ்ந்தவர்கள், அந்த வரியைக் கேட்டபிறகுதான் சாமானைப் பிரித்து அடுக்குவார்கள்.

ரசீதில் வரிசை எண், பெண்ணின் பெயர் ஆதாரில் உள்ள அதே எழுத்துக்கூட்டில், எந்த மாதத்துக்கு, தொகை எண்ணிலும் எழுத்திலும், கட்டிய தேதி, வாங்கியவர் கையெழுத்து, முத்திரை. அடிக்கட்டை உங்களிடம் இருக்கட்டும். வேலை இல்லாததால் வாங்காத மாதத்துக்கும் ஒரு ரசீது கிழியுங்கள், தொகை இடத்தில் 'விலக்கு அளிக்கப்பட்டது' என்று எழுதி. இல்லாவிட்டால் நடுவில் இரண்டு மாதம் விட்டுப்போன புத்தகத்தைப் பார்த்து, அந்த இரண்டு மாதமும் கட்டவில்லை என்றுதான் வீட்டுக்காரர் நினைப்பார்.